காப்பு எல்லையும் கிராமத் தொழிலும்

"சரணாலயம்", "காப்பகம்" என்னும் சொற்கள் ஒரு கிராமத்தின் காதில் விழும்போது அங்கே முதலில் எழுவது மகிழ்ச்சியன்று, அச்சமே. இனி ஏரியில் இறங்கக் கூடாதோ, மாட்டை ஓட்டிச் செல்லக் கூடாதோ, வலை வீசக் கூடாதோ, வீட்டுக் கூரையை மாற்றுவதற்கும் உத்தரவு பெற வேண்டுமோ என்ற கேள்விகள் உடனே பிறக்கின்றன. இவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது முறையாகாது. சில இடங்களில் அது உண்மையாகவே முடிந்திருக்கிறது. வேறு சில இடங்களில் வீண் அச்சமாகப் போயிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியம். நாம் பார்த்தவரையில், எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்பே அங்கு நடந்துவரும் தொழில்கள் கணக்கில் எடுக்கப்பட்டனவா, இல்லையா என்பதையே பெரும்பாலும் அது பொறுத்திருக்கிறது.

புதுவையின் கிராமப்புறத்தில் இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. ஒன்று கடற்கரையிலும், மற்றொன்று ஏரிக்கரையிலும் இருக்கின்றன. கடற்கரையில் இருப்பது வீராம்பட்டினம். புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்துள்ள பெரிய மீனவர் கிராமம் அது. ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும் ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரையில் இருப்பது வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஊசுட்டேரி. முதலில் ஏரியைப் பார்ப்போம். சட்டத்தின் போக்கு அங்கேதான் தெளிவாக விளங்குகிறது.

ஊசுட்டேரி ஏறத்தாழ 800 ஹெக்டேர், அதாவது சுமார் 2,000 ஏக்கர் பரப்புள்ளது. பாதி புதுவையிலும் பாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுமாகக் கிடக்கிறது. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்கு வந்து சேருகிறது. ஏரி வெட்டப்பட்டது பாசனத்திற்காக. ஆயக்கட்டு நிலங்களுக்கு மதகு வழியே நீர் பாய்வதும், நீர் வற்றிய காலத்தில் உள்வாயில் ஆடுமாடுகள் மேய்வதும், மீன் பிடிப்பதும், கோரை அறுப்பதும் நெடுங்காலப் பழக்கங்கள். குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வாத்தினப் பறவைகளும் இங்கே வந்து தங்கும். நாமக்கோழிகள் கூட்டங்கூட்டமாக மிதக்கும். பறவைகளுக்காக ஏரி வெட்டப்படவில்லை. ஆயினும் ஏரி இருந்ததனால் பறவைகள் வந்தன.

2008ஆம் ஆண்டில் புதுவை அரசாங்கம் தன் பங்கில் உள்ள ஏறத்தாழ 390 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சில ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டுப் பகுதியும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. ஆக, ஒரே ஏரிக்கு இரண்டு அரசாங்கங்கள், இரண்டு வனத்துறைகள், இரண்டு சரணாலயங்கள் என்று ஆயிற்று. பறவைக்கு இந்த எல்லை தெரியாது, மதகுக்கும் தெரியாது.

சரணாலயம் என்று அறிவித்தால் என்ன மாறுகிறது? 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே இதற்கு ஆதாரம். அதன் 29ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் உயிரினங்களையோ அவற்றின் வாழிடத்தையோ அழிப்பதும் சேதப்படுத்துவதும் குற்றமாகும். உள்ளே வரும் நீரையும் வெளியே செல்லும் நீரையும் அனுமதியின்றித் திருப்புவதோ, தடுப்பதோ, கூட்டுவதோ கூடாது என்றும் அப்பிரிவு கூறுகிறது. காட்டுக்காக எழுதப்பட்ட இவ்விதி பாசன ஏரிக்குப் பொருந்தும்போது விவசாயி திடுக்கிடுவது இயல்பே. மதகைத் திறப்பதே நீரை வெளியே விடுவதுதானே! வண்டல் எடுப்பதும் வாழிடத்தில் கை வைப்பதாகவே கொள்ளப்படக்கூடும்.

ஆனால் அதே சட்டம் இதற்கு வழியும் வைத்திருக்கிறது. அந்த வழியைத்தான் கிராமங்கள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. 18ஆம் பிரிவின்படி அரசாங்கம் முதலில் தன் எண்ணத்தை மட்டுமே அறிவிக்கிறது. அதன்பின் 19ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் அப்பகுதியில் யாருக்கு என்ன உரிமை உண்டு என்று விசாரித்தல் வேண்டும். 21ஆம் பிரிவின்படி அவர் வட்டார மொழியில், சுற்றியுள்ள ஊர்கள்தோறும் பிரகடனம் வெளியிட வேண்டும். உரிமை கோருவோர் அதிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பிறகு 24ஆம் பிரிவு வருகிறது. அதன்படி ஆட்சியர் அவ்வுரிமையை ஏற்கலாம், மறுக்கலாம், நிலத்தை ஈட்டுத்தொகை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்; அல்லது தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு, அவ்வுரிமை சரணாலயத்துக்குள்ளேயே தொடர்ந்து நடக்க அனுமதிக்கலாம். இந்தக் கடைசி வாசகமே பாசன விவசாயிக்கு உயிர்நாடி. அவ்வாறு அனுமதிக்கப்பட்ட உரிமையைச் செலுத்துவதும், உள்ளூர் மக்கள் குடிநீருக்கும் வீட்டுத் தேவைக்கும் உண்மையாக நீர் எடுப்பதும் 29ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று 2022ஆம் ஆண்டின் திருத்தம் வெளிப்படையாகவே கூறிவிட்டது.

உரிமைகள் தீர்மானிக்கப்படும் வரையில் விறகு, தீவனம் முதலியவற்றுக்கு அரசாங்கம் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட விதி. மேய்ச்சல் அடியோடு விலக்கப்பட்டதாகவும் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ, கட்டுப்படுத்தவோ, தடுக்கவோ தலைமைக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. அவர் அனுமதித்த மேய்ச்சல் குற்றமாகாது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. சரணாலயத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட்டிருத்தல் வேண்டும். ஊசி போடாத மாட்டைச் சரணாலயத்துக்குள் ஓட்டக் கூடாது. இது பறவைக்கு மட்டுமின்றி மாட்டுக்காரருக்கும் நன்மையானதே. எல்லைக்குள் சொந்த நிலம் உடையவர் அங்கே செல்வதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பதையும் 27ஆம் பிரிவில் காணலாம்.

ஏட்டில் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் முறை, நாட்டில் பல இடங்களில் பாதியிலேயே நின்றுபோனது. பிரகடனம் வெளியாகியிராது, வெளியானாலும் விசாரணை முடிந்திராது. 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, எல்லா மாநிலங்களும் இரண்டு மாதங்களுக்குள் பிரகடனம் வெளியிட்டு, ஓராண்டுக்குள் உரிமைகளைத் தீர்மானித்து முடிக்க வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். உரிமை தீர்மானிக்கப்படாத சரணாலயத்தில் விவசாயியும் நிம்மதியாக இருப்பதில்லை. காவலரும் நிம்மதியாக இருப்பதில்லை.

வேடந்தாங்கலின் கதை இதற்கு நேர்மாறானது. செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள அச்சிற்றேரியில், நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த நீர் வயலுக்கு உரநீராகப் பாய்கிறது. ஆதலின் பறவைகளைக் காப்பது அவ்வூராருக்குப் பயிரைக் காப்பதாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டபோது, ஊரார் அப்போதைய கலெக்டர் லயனெல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டார்கள்; பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என்று அவரிடம் கௌல் பெற்றார்கள். உரிமைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கியவர்கள் கிராமத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். தீபாவளியன்று வெடி வெடிக்காமல் இருக்கும் வழக்கத்தை அவ்வூரார் இன்றளவும் காத்து வருகிறார்கள்.

அங்கும் பிற்காலத்தில் சிக்கல் எழாமல் இல்லை. 1998ஆம் ஆண்டில், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 73 ஏக்கர் ஏரிக்கு அத்தனை பெரிய வட்டம் ஏன் என்று கேட்கலாம். பறவை ஏரியில் உறங்குகிறது. இரை தேடுவதோ சுற்றிலுமுள்ள வயல்களில். வயல் போனால் பறவையும் போய்விடும். ஆனால் அவ்வட்டத்துக்குள் ஊர்களும் ஆலைகளும் இருக்கின்றன. 2020ஆம் ஆண்டில் வட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை எழுந்தபோது அது பலத்த எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. உழவுக்கு இடையூறில்லாமல் தொழிற்சாலைக் கழிவுக்கு மட்டும் தடையாக இருக்கும் வட்டம் விவசாயிக்குப் பகையன்று என்பது நம் எண்ணம்.

இத்தகைய சிக்கல்கள் நம் நாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. ஐரோப்பிய நாடுகளின் அனுபவம் இவ்விஷயத்தில் நமக்கு மிகவும் பயன்படும். புதுவையார்க்குப் பிரெஞ்சு நாட்டு அனுபவம் இன்னும் நெருக்கமானது. நம் கொம்யூன் பஞ்சாயத்துகளின் பெயரே பிரெஞ்சுக்காரர் வைத்துவிட்டுப் போனதல்லவா?

ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி 1979ஆம் ஆண்டில் பறவைகளுக்காகவும், 1992ஆம் ஆண்டில் பிற உயிரினங்களின் வாழிடங்களுக்காகவும் இரு கட்டளைகளை இயற்றின. அவற்றின்படி அமைந்த காப்பு நிலங்களின் தொகுதிக்கு "நாட்டுரா 2000" என்று பெயர். இன்று அதில் 27,000க்கு மேற்பட்ட இடங்கள் அடங்கியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது அது. இத்தனை பெரிய பரப்பிலிருந்து மக்களை வெளியேற்றுவது எவராலும் இயலாது. அந்நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்கே சொந்தமாக இருக்கிறது; உழவும் மேய்ச்சலும் அங்கே நடக்கின்றன. புதிதாக ஒரு சாலையோ, அணையோ, ஆலையோ வருவதாயின், அதனால் அவ்விடத்துக்குக் கேடு உண்டா என்று முன்கூட்டியே ஆராய வேண்டும் என்பதே அங்குள்ள முக்கியமான கட்டுப்பாடு.

இம்முறை பிரான்சு நாட்டில் எளிதாக நிலைபெற்றுவிடவில்லை. பாரிசிலிருந்து நிபுணர்கள் படம் வரைந்து அனுப்பினார்கள். நிலத்துக்குரியவர்களை எவரும் கேட்கவில்லை. விவசாயிகள், காட்டுநிலம் உடையவர்கள், வேட்டைக்காரர், மீன்பிடிப்போர் ஆகியோரின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. 1996ஆம் ஆண்டில் அரசாங்கம் அத்திட்டத்தையே சிறிது காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. மீண்டும் தொடங்கியபோது அது வேறு வழியில் சென்றது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குழு அமைக்கப்பட்டது. அவ்வூர்க் கொம்யூன்களின் பிரதிநிதிகளும் விவசாயிகளும் அதில் அமர்ந்து, எந்தத் தொழில் எவ்வாறு நடக்கலாம் என்பதை ஓர் ஆவணமாக எழுதினார்கள். அதற்கு "நோக்கங்களின் ஆவணம்" என்று பெயர். பறவை முட்டையிட்டு முடியும்வரை புல் அறுப்பதைத் தள்ளிப்போடுவது போன்ற செயல்களுக்கு விவசாயி தாமாக முன்வந்து ஒப்பந்தம் செய்துகொண்டால், அதனால் ஏற்படும் செலவுக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் உள்ளூர்ப் பிரதிநிதியே குழுவுக்குத் தலைமை வகிக்கவும் முடிகிறது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்நாட்டின் தெற்கே ரோன் ஆற்றுக் கழிமுகத்தில் கமார்க் என்னும் பிரதேசம் இருக்கிறது. அங்கே நெல் விளைகிறது; பூநாரைகளும் பெருங்கூட்டமாக வாழ்கின்றன. விதைத்த வயலில் இரவில் பூநாரைகள் இறங்கிச் சேற்றைக் கலக்கி நாற்றை மிதித்துவிடுகின்றன. 1970ஆம் ஆண்டில் அப்பிரதேசம் இயற்கைப் பூங்காவாக அமைந்த பின்னரும் விவசாயிகள் அவற்றை ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பறவையைக் கொல்லக் கூடாது. வயலிலிருந்து ஓட்டலாம் என்ற அளவில் சமாதானம் நிலவுகிறது.

ஹாலந்து நாட்டின் கதை எச்சரிக்கையாக உள்ளது. அங்கே மாட்டுப் பண்ணைகளின் சாணத்திலிருந்து எழும் அம்மோனியா, காப்பு நிலங்களில் படிந்து அவற்றைக் கெடுத்தது. பின்னால் குறைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் அரசாங்கம் ஆண்டுக்கணக்கில் அனுமதிகளைக் கொடுத்துக்கொண்டே போயிற்று. 2019ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் இம்முறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான வேலைகள் ஒரே நாளில் நின்றன. அவ்வாண்டு அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு தலைநகரங்களை முற்றுகையிட்டார்கள். அனுமதி வாங்கித் தொழில் செய்தவரே கடைசியில் அகப்பட்டுக்கொண்டார். சட்டத்துக்குப் புறம்பான சலுகையை நம்புவதைக் காட்டிலும் சட்டத்துக்கு உட்பட்ட உரிமையைப் பெறுவதே மேல் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

மீனவர்களுக்கு உவப்பான உதாரணமும் பிரான்சிலேயே இருக்கிறது. மார்செய் துறைமுகத்தின் மேற்கே "நீலக் கரை" எனப் பொருள்படும் கோத் புளூ கடற்பூங்கா 1983ஆம் ஆண்டில் அமைந்தது. கடல் முழுவதையும் மூடிவிடவில்லை. இரண்டு சிறு பகுதிகளில் மட்டும் மீன்பிடிப்பு முற்றிலும் நிறுத்தப்பட்டது. மற்ற இடங்களில் சிறு படகுக்காரர்கள் வழக்கம்போல் தொழில் செய்கிறார்கள். இழுவலைப் படகுகள் கரையருகே வாராதபடி கடலடியில் செயற்கைப் பாறைகளையும் இட்டிருக்கிறார்கள். உள்ளூர் மீனவர் சங்கங்களின் சம்மதத்தோடு செய்யப்பட்டதனால் அது நிலைத்து நிற்கிறது.

இனி வீராம்பட்டினத்துக்குத் திரும்புவோம். அங்கே சரணாலயம் ஏதும் இல்லை. ஆயினும் காப்புக் கோடுகள் பல அவ்வூரைச் சூழ்ந்தே கிடக்கின்றன. ஊரை ஒட்டிய அரிக்கமேடு தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. 1949ஆம் ஆண்டில் வெளியான பிரெஞ்சு அகழாய்வு நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இருக்கிறது என்பது அவ்வூராருக்குப் பெருமை. அரியாங்குப்பம் ஆற்றுக் கழிமுகத்தில் அலையாத்திச் செடிகள் நிற்கின்றன. இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வளரும் தொட்டில் அது. அதை வெட்டுவது சட்டப்படி குற்றம். தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமை, வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பாய்விரித்தும் துடுப்பு வலித்தும் செல்லும் மரபுவழிக் கலங்களுக்கு அத்தடை இல்லை.

இவை எல்லாவற்றையும்விட ஊரை அதிகமாகத் தொடுவது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே. 1991ஆம் ஆண்டில் முதலில் வந்து, 2011லும் 2019லும் புதுப்பிக்கப்பட்டது அது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் ஆட்சி செல்கிறது. கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்பது பழைய விதி. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் அதை 50 மீட்டராகக் குறைக்க 2019ஆம் ஆண்டு அறிவிக்கை வழி செய்தது. வீடு கட்ட இடமில்லாமல் தவித்த மீனவர்க்கு இது ஆறுதல்தான். ஆனால் அதே 50 மீட்டர் விடுதி கட்டுவோருக்கும் உதவக்கூடும் என்பதை மறக்கலாகாது. மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பின்னும் இடம், படகு கட்டும் இடம், ஐஸ் கூடம் முதலிய மீனவர் வசதிகளுக்குத் தடைப்பகுதியிலும் இடம் உண்டு.

இங்கும் எல்லாம் வரைபடத்தைப் பொறுத்ததே. மீனவர் கிராமங்களையும், அவர்களுடைய பொது இடங்களையும், மீன் உலர்த்தும் களங்களையும் புல வரைபடத்தில் குறித்துக்காட்ட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. படகு ஏற்றும் மணற்பரப்பு படத்தில் வெற்றிடமாகக் காட்டப்பட்டால், நாளைக்கு அதை வெற்றிடம் என்றே எவரும் கேட்பர். வரைவுப்படம் பொதுமக்கள் கருத்துக்காக வைக்கப்படும் காலம் குறுகியது. அந்நாட்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் சும்மா இருந்துவிடக் கூடாது.

மன்னார் வளைகுடாவில் 1986ஆம் ஆண்டு 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அத்தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் பின்னர் பட்ட அல்லல் கொஞ்சமன்று. மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று அவர்களே தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். கோடு வரைந்தவர்கள் முன்பே கேட்டிருந்தால் இந்தக் கட்டுப்பாடே சட்டமாகியிருக்கலாம். 2022ஆம் ஆண்டில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசாங்கம் அறிவித்தபோது, மீனவர்க்குப் புதிய தடைகள் இல்லை என்று சொல்லியே தொடங்கியது. இவ்வகைப் பாதுகாப்பகத்தை அறிவிக்குமுன் உள்ளூர் மக்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விதி. நிர்வாகக் குழுவில் அங்குள்ள ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் இடம் உண்டு. ஊரார் தாமே தம் நிலத்தைக் காக்க முன்வந்தால் அது சமுதாயக் காப்பகமாகும். அதன் குழுவில் பஞ்சாயத்து நியமிக்கும் ஐவருக்குக் குறையாமல் இருப்பர்.

சரணாலயங்களுக்கும் ஆலோசனைக் குழு உண்டு. 33ஆ பிரிவின்படி அதில் பஞ்சாயத்து அமைப்புகளின் பிரதிநிதிகள் மூவர் இருத்தல் வேண்டும். புதுவையில் 1968ஆம் ஆண்டுக்குப் பின் 2006ஆம் ஆண்டில்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் நெடுநாள் தேர்தல் இல்லை. அந்த மூன்று நாற்காலிகளில் யார் அமர்ந்து ஏரிக்காகப் பேசுவது என்ற கேள்வி, கொம்யூன்களின் பிரதிநிதிகள் குழுக்களில் அமரும் பிரான்சு நாட்டைப் பற்றிப் பேசும்போது நமக்கு உறுத்தவே செய்கிறது.

ஆயினும் தேர்தலுக்காகக் காத்திராமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு குறிப்பேடு போதும். ஊசுட்டேரியை ஒட்டிய ஊர்களாயின், எந்த மதகின் கீழ் எவ்வளவு ஆயக்கட்டு, எந்த மாதத்தில் நீர் திறப்பது வழக்கம், கடைசியாக வண்டல் எடுத்தது எந்த ஆண்டு, மேய்ச்சலுக்கு மாடுகள் செல்லும் தடம் எது, மீன்பாசிக் குத்தகை எவ்வாறு விடப்பட்டது என்பவற்றைப் புல எண்ணோடு எழுதிவைக்க வேண்டும். வீராம்பட்டினம் போன்ற ஊர்களாயின், படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் களம், தேர் ஓடும் வழி, ஆமை கரையேறும் பகுதி, அலையாத்தி நிற்கும் ஓரம் ஆகிய அனைத்தையும் அவ்வாறே குறிக்கலாம். ஆமைக்கும் அலையாத்திக்கும் உரிய இடத்தை ஊராரே குறித்துக்கொடுத்தால், மற்ற இடங்களைப் பற்றி அவர்கள் சொல்வதற்கு விசாரணையில் மதிப்புக் கூடும். பெரியவர்களைக் கேட்டு எழுதி, ஊர்க்கூட்டத்தில் படித்துக் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியை ஊரிலும் ஒரு பிரதியை வருவாய்த்துறை அலுவலகத்திலும் ஒப்புகைச் சீட்டுடன் சேர்ப்பித்துவிட்டால், பிரகடனம் வரும் நாளில் இரண்டு மாதக் கெடு குறுகியதாகத் தோன்றாது.